இருபத்து மூன்று பாத்திரம் சித்ரான்னம்

1. ஆறு ஐட்டம்

காலை ஒன்பது மணிக்கு கேஸ் ஏஜென்சிக்காரர் போன் செய்தார். "மேடம், கமர்ஷியல் சிலிண்டர் இனிமே எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாது. இருக்கறத வெச்சு ஓட்டிக்குங்க" என்றார். ஸ்டோருக்குப் போய்ப் பார்த்தேன். முழு சிலிண்டர் நான்குதான் இருந்தது. அன்று மாலை ஒரு கம்பெனியின் டீலர் மீட். இருநூறு பேருக்கு பஃபே, மெனுவில் பதினெட்டு ஐட்டம்.

ஓசூர் சிப்காட் பக்கம் உள்ள ஒரு ஹோட்டலில் பேங்க்வெட் சூப்பர்வைசராக இருந்தேன். ஹாலில் நடக்கும் விருந்துக்கு என்ன சமைப்பது, எத்தனை பேருக்கு, எந்த மேஜையில் எந்தப் பாத்திரம், யார் பரிமாறுவது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி சமையலறைக் கதவில் ஒட்டுவது என் வேலை. அந்தத் தாளுக்கு மெனு ஷீட் என்று பெயர். இருபத்தேழு வருடத்தில் மெனு ஷீட் இல்லாமல் ஒரு வெங்காயம்கூட நறுக்க விட்டதில்லை. இந்தப் பெருமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் வாயாலேயே இதற்கு வேட்டு வைக்கப் போகிறேன்.

வளைகுடாப் பக்கம் சண்டை தொடங்கி அது மூன்றாவது வாரம். சண்டை நடந்தது எங்கோ. கேஸ் ஏற்றிய கப்பல்கள் வராததால் அடுப்பு அணைந்தது எங்களுக்கு. முதல் வாரம் டிவியில் பார்த்து உச்சுக் கொட்டினோம். இரண்டாவது வாரம் ஹைவேயில் ஜூஜுவாடி வரைக்கும் இருந்த சின்ன ஓட்டல்களில் தோசை நின்றது. மூன்றாவது வாரம் எங்கள் முறை வந்தது.

டீலர் மீட்டுக்குப் பதினெட்டை ஆறாகக் குறைத்தேன். ஒரு சாதம், ஒரு சாம்பார், ஒரு பொரியல், தயிர் சாதம், அப்பளம், ஐஸ்கிரீம். கோட் போட்ட ஒருவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலை இரண்டு சுற்று சுற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"என்ன மேடம், லைவ் தோசா கவுண்டர் எங்க?"

"இல்லீங்க சார். வார் நடக்குது இல்லீங்களா."

"வாருக்கும் தோசைக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

"தோசைக்கல்லுக்குக் கீழ எரியறதுதான் சார் சம்பந்தம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் முதலாளியிடமிருந்து எனக்கு ஒரு வசவு கிடைத்தது.

அதற்குப் பிறகு விருந்துகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. பிறந்தநாள் விழாக்கள் கேக்கும் ஜூஸுமாக முடிந்தன. ஒரு கம்பெனி ஃபேமிலி டேயையே தள்ளி வைத்தது. ரிசப்ஷன் புக் செய்தவர்கள் பாதிப் பேர் போன் செய்து, "சண்டை முடியட்டும்ங்க, பாத்துக்கலாம்" என்றார்கள். கடைசி சிலிண்டரும் தீர்ந்த அன்று முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். "ஹாட் கிச்சன் க்ளோஸ். டீ, காபி மட்டும் எலக்ட்ரிக் பாய்லர்ல போடுங்க. ஹால் புக்கிங் எல்லாம் கேன்சல்" என்றார்.

எல்லோரும் தலையாட்டினோம். பின்வரிசையில் நின்ற மாதம்மா மட்டும் ஆட்டவில்லை.

2. மாதம்மாவின் சனிக்கிழமை

மாதம்மா பாத்திரம் கழுவும் பிரிவில், பாட் வாஷ் என்போம், பத்தொன்பது வருடமாக இருப்பவள். கல்லாவி ஊர்க்காரி. புருஷன் இல்லை. ஒரே மகள் சௌமியா, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் அசெம்பிளி லைனில் வேலை. அதே லைனில் வேலை பார்த்த கிரீஷ் என்ற பையனும் அவளும் விரும்பினார்கள். பையன் ஆனேக்கல்காரன், வீட்டில் கன்னடம். அம்மா இல்லாத பையன், அத்தை ஜெயம்மாதான் எடுத்து வளர்த்தவர். அவர் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம்.

ஜெயம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் மனம் ஒட்டவில்லை. பெண் வேறு பாஷை என்பதல்ல காரணம். எங்கள் பக்கம் மூன்று பாஷை பேசாத வீடே அபூர்வம். "பொண்ணோட அம்மா ஓட்டல்ல பாத்திரம் கழுவறாங்களாமே" என்று பெண் பார்க்க வந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறார். மாதம்மா அதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. "நெசந்தானேக்கா" என்று மட்டும் சொன்னாள்.

ஒருவழியாக நிச்சயதார்த்தத்துக்கு முன்பே தேதி குறித்திருந்தார்கள், கிச்சன் மூடிய அதே வாரம் சனிக்கிழமை மாலை. ஹாலும் சமையலும் ஹோட்டல் பொறுப்பு என்று முதலாளி முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். அப்போது சண்டையும் இல்லை, தட்டுப்பாடும் இல்லை. இப்போது ஹாலை மட்டும் அவளுக்கு விட்டுத் தருவதாக முதலாளி சொன்னார், சமையல் இல்லை.

"தேதியத் தள்ளிப் போடேன்டி, யாரு என்ன சொல்லப் போறாங்க" என்றேன்.

"கேட்டுட்டேன்க்கா. அந்தம்மா போன்லயே சொல்லிட்டாங்க. 'தேதி தள்ளிப் போனா சம்பந்தமும் தள்ளிப் போச்சுன்னு வெச்சுக்குங்க. ரெண்டு பஸ்ஸு ஜனம் வருது, ஊட்டா ஒழுங்கா இருக்கணும்'ன்னு."

ஊட்டா என்றால் அவர்கள் பாஷையில் சாப்பாடு. ஜெயம்மா ஒரு சாக்குக்காகக் காத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டில் குறை வந்தால் அதுவே போதும், சௌமியாவின் கல்யாணம் அங்கேயே நின்றுவிடும். இது மாதம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

விறகு அடுப்பில் சமைக்கும் கான்ட்ராக்ட்காரர்களை விசாரித்தேன். ஊரே அவர்கள் பின்னால் நின்றது, ஒருவரும் கிடைக்கவில்லை. ஹோட்டல் வளாகத்தில் விறகு மூட்ட அனுமதி கிடையாது. கண்ணாடிக் கட்டடம், கொஞ்சம் புகை வந்தாலே அலாரம் அடிக்கும். எங்கள் சமையல் மாஸ்டர் பசவராஜ் கையைப் பிசைந்துகொண்டு என் முன்னால் நின்றார். அத்தனை பெரிய மனிதர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வீட்டு சிலிண்டர் தாமதமானாலும் எல்லோரிடமும் கொஞ்சமாவது இருந்தது. எங்கள் ஸ்டாஃப், மாதம்மாவை விட்டு, இருபத்து மூன்று வீடு. வீட்டுக்கு ஒரு பாத்திரம் சமைத்துக் கொண்டுவந்தால் பஃபே ஆகிவிடாதா?

லாக்கர் ரூமில் எல்லோரையும் நிறுத்திக் கேட்டேன். ஒரு ஆள்கூட முகம் சுளிக்கவில்லை. வீட்டில் சமைக்கவே எண்ணி எண்ணி அடுப்பு பற்றவைக்கும் நேரம் அது. "அக்கா, ஆளுக்கு ஒரு போசி. மாதம்மா பொண்ணு எங்க பொண்ணு மாதிரிதான்" என்றார்கள். "பத்துப் பேருக்குக் கொறையாம பண்ணுங்க. நாலரைக்கு ஹாலுக்கு வந்துடணும்" என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

யார் என்ன சமைப்பது என்று சொல்லவில்லை. எல்லோரும் கேட்டரிங் ஆட்கள், இருபது வருடம் பஃபே பார்த்தவர்கள், அவர்களுக்குப் போய் நான் என்ன எழுதிக் கொடுப்பது என்று நினைத்தேன். இருபத்தேழு வருடத்தில் முதல் முறையாக மெனு ஷீட் எழுதவில்லை.

3. நாலரை மணி

சனிக்கிழமை நாலரைக்கு ஹாலில் நீள மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்து நின்றேன். முதல் ஆளாக, ஹாலில் பரிமாறும் ஸ்டூவர்டு ஒருவரின் மனைவி வந்தார். மூடியைத் திறந்தேன். எலுமிச்சை சாதம். நல்ல மணம், வேர்க்கடலை மினுமினுத்தது. "பேஷ்" என்றேன்.

இரண்டாவது பாத்திரம், எலுமிச்சை சாதம். சரி, ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். மூன்றாவது, மாங்காய் சித்ரான்னம். நான்காவது, எலுமிச்சை சாதம். ஐந்தாவது மூடியைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை, வாசனையே சொல்லிவிட்டது.

இருபத்து மூன்றையும் திறந்து முடித்தபோது கணக்கு இதுதான். எலுமிச்சையும் மாங்காயுமாகச் சித்ரான்னம் பதினேழு. புளியோதரை நான்கு. தயிர் சாதம் இரண்டு. சாம்பார் இல்லை, ரசம் இல்லை, கூட்டு பொரியல் எதுவுமில்லை, இனிப்பு என்று ஒரு துண்டு வெல்லம்கூட இல்லை. அந்தப் பதினேழில் ஒன்று என் வீட்டுப் பாத்திரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் இப்படி ஆயிற்று என்று யோசிக்கக்கூட வேண்டியதில்லை. எங்கள் தொழில் புத்தி. சேஃபிங் டிஷ் என்று ஒன்று உண்டு, அடியில் சின்னச் சுடர் வைத்து மேலே உணவைச் சூடாக வைத்திருக்கும் பாத்திரம். அன்று சுடர் வைக்கவும் வழியில்லை. மதியம் சமைத்து மாலை வரை கெடாமல், திரும்பச் சூடுபடுத்தாமல், ஆறினாலும் ருசியாக இருக்க வேண்டும், கேஸும் குறைவாகப் பிடிக்க வேண்டும். கேட்டரிங்கில் கை பழகிய எவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள். சித்ரான்னம். இருபத்து மூன்று வீட்டிலும் கெட்டிக்காரத்தனமாக யோசித்துக் கிட்டத்தட்ட ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சாம்பாரை வேறு யாராவது கொண்டுவருவார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பியிருக்கிறார்கள். விவரம் தெரியாத ஜனங்களாக இருந்திருந்தால் ஆளுக்கு ஒன்று சமைத்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

பட்டுப்புடவையில் வந்த மாதம்மா மேஜையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து பார்த்தாள். சௌமியாதான் மெதுவாக, "ஏழு மணிக்கு அவங்க வந்துருவாங்க சரளாக்கா" என்றாள்.

எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம். மாஸ்டர் பசவராஜ் மட்டும் நிதானமாக இருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். எங்க பக்கம் ராமநவமிக்கு என்னா பண்றோம்?"

"மாஸ்டர், இப்பப் போய் ராமநவமியா?"

"கேளுங்கக்கா. கோசம்பரி, பானகம், நீர் மோர். ஒண்ணுக்காவது அடுப்பு வேணுமா? நெருப்பே இல்லாத ஊட்டா அக்கா அது. வர்றவங்க ஆனேக்கல் ஜனம். அவங்களுக்கு அது ஓட்டல் சாப்பாட்ட விட ஒசத்தி."

மணி நாலு ஐம்பது. கோசம்பரி என்றால் ஊறவைத்த பருப்பில் வெள்ளரியும் கேரட்டும் துருவிப் போடுவது, பாசிப்பருப்பு ஒரு மணி நேரம் ஊறினால் போதும். அண்டாவில் எட்டு கிலோ பருப்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினோம். பிறகு ஒரு தாளை எடுத்து, முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய மெனு ஷீட்டை நின்றபடியே எழுதினேன்.

4. நெருப்பில்லாத சமையல்

உத்தனப்பள்ளியிலிருந்து எங்களுக்குத் தினமும் காய் கொண்டுவருபவருக்குப் போன் செய்தேன். "வெள்ளரி, கேரட், தக்காளி, மாங்காய், கொத்தமல்லி, என்ன இருக்குதோ ஏத்திட்டு வாங்க. ஒரு மணி நேரந்தான் டைம்" என்றேன். "என்னாங்க, கிச்சன்தான் மூடிட்டாங்களே?" என்றார். "மூடினதுதாங்க. நீங்க வாங்க." ஆறு மணிக்கு முன் டெம்போ வந்து நின்றது. யார் வீட்டு விசேஷம் என்று கேட்டுவிட்டு, ஒரு வாழைத்தாரையும் சேர்த்து இறக்கினார்.

அந்த வாழைத்தார்தான் இனிப்பு ஆயிற்று. பழத்தை வட்டமாக நறுக்கி வெல்லம், தேங்காய்ப் பால், ஏலக்காய் சேர்த்தால் ரசாயனா. கன்னட வீடுகளில் பூஜைக்குச் செய்வது. ஹவுஸ்கீப்பிங் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பழம் நறுக்கினார்கள். இரண்டு பேர் தேங்காய் துருவினார்கள், ஒருவர் மிக்ஸியில் பால் எடுத்தார். சூடாக ஒன்றாவது வேண்டுமே என்று நாற்பது லிட்டர் எலக்ட்ரிக் டீ பாய்லரைத் தேய்த்துக் கழுவி அதில் தக்காளி ரசம் வைத்தேன். கேட்டரிங் படித்த பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டலாம். ரசத்தில் டீ வாசனை துளிகூட வரவில்லை, அதற்கு நான் ஜவாப்தாரி. குழாயைத் திறந்தால் டம்ளரில் ரசம் விழுந்தது. பார் கவுண்டரில் இருந்த மைக்ரோவேவில் நாலு நாலாக அப்பளம் சுட்டோம். தாளிப்பதற்கு மட்டும் ஸ்டாஃப் ரூம் இண்டக்‌ஷன் அடுப்பு.

மீதி இருந்தது சித்ரான்னப் பிரச்சினை. எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலந்துவிடலாம் என்றார் மாஸ்டர். நானும் சரி என்று கரண்டியை எடுத்துவிட்டேன். எடுத்த கரண்டியில் ஒரு வாய் ருசி பார்த்தேன். பிறகு பக்கத்துப் பாத்திரத்தில் ஒரு வாய். இரண்டும் ஒன்றில்லை. கல்லாவி வீட்டுச் சாதத்தில் வேர்க்கடலையும் வரமிளகாயும். தெலுங்கு பேசும் வீட்டில் மாங்காய்த் துருவலோடு கடுகை அரைத்துப் போட்டிருந்தார்கள், மூக்கில் ஏறியது. கன்னட வீட்டில் தேங்காய்த் துருவலும் நுனி நாக்கில் கொஞ்சம் இனிப்பும். சேலத்து வீட்டில் நல்லெண்ணெய் வாசனை. ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுக் கை தெரிந்தது. கலந்தால் எல்லாம் கெட்டுப்போகும்.

"கொட்டாதீங்க மாஸ்டர். இருபத்து மூணு கவுண்டர் போடறோம்" என்றேன்.

ஹால் முழுக்க மேஜைகளைப் பிறைவட்டமாக நகர்த்தினோம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் ஒரு சீட்டில் வீட்டுப் பெயர் எழுதி வைத்தேன். பின்னால் சமைத்தவர்களே நின்றார்கள். எப்போதும் சமையலறைக் கதவுக்குப் பின்னால், லிஃப்ட் ஓரத்தில், துடைப்பத்தோடு நிற்கிறவர்கள் அன்று நல்ல புடவை கட்டிக் கரண்டியோடு முன்னால் நின்றார்கள். தட்டில் நிறையப் போடக் கூடாது, ஒரு கரண்டி மட்டும், அடுத்த வீட்டுக்கு இடம் வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

மாதம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "இன்னிக்கி ராத்திரி வரைக்கும் நீ பொண்ணோட அம்மா. முன்வரிசையில ஒக்காந்துட்டு வந்தவங்களக் கும்பிடு. பாட் வாஷ் பக்கம் தல வெச்சுக்கூடப் படுக்காத" என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

5. ஜெயம்மா தட்டெடுத்தார்

ஏழு மணிக்கு இரண்டு பஸ்ஸும் வந்தன. ஜெயம்மா ஒல்லியான, உயரமான அம்மாள், மூக்கில் இரண்டு பக்கமும் பேசரி மூக்குத்தி. தட்டு மாற்றும் சடங்கு அரை மணியில் முடிந்தது. வெற்றிலையும் தேங்காயும் மாற்றிக்கொண்டார்கள். கிரீஷும் சௌமியாவும் மோதிரம் போட்டுக்கொண்டார்கள். ஜெயம்மா சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. எதையோ எண்ணிப் பார்ப்பவர் மாதிரி ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு ஆரம்பமானது. ஜெயம்மா தட்டெடுத்து முதல் கவுண்டருக்குப் போனார். நான் நாலடி பின்னால் போனேன்.

"ஏன்ம்மா இது?"

"சித்ரான்னங்க."

இரண்டாவது கவுண்டர். "இது?"

"சித்ரான்னங்க."

மூன்றாவது. "இதுவும்?"

"ஆமாங்க, மாங்கா போட்டது."

ஜெயம்மா நின்றார். திரும்பி வரிசை முழுவதையும் ஒரு பார்வை பார்த்தார். போச்சு என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து, "ஏன்ம்மா, எல்லா ஒரே ஊட்டாவா? இங்க வேற அடுகேயே தெரியாதா?" என்றார். அடுகே என்றால் சமையல்.

பூசி மெழுக எனக்கு வாய் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். சண்டையால் கேஸ் வரவில்லை, சமையலறை மூடிவிட்டார்கள், இங்கே வேலை செய்கிற இருபத்து மூன்று வீட்டிலும் அவரவர் சிலிண்டரில் அவரவர் சமைத்தது, யார் எதைச் சமைக்க வேண்டும் என்று சொல்லாதது என் தப்பு, மாதம்மா தப்பில்லை. "வேற கொற ஏதாச்சும் இருந்தா என்னையத் திட்டுங்கம்மா. அந்தப் பொண்ண விட்டுருங்க" என்றேன்.

ஜெயம்மா தட்டில் இருந்ததைக் கொஞ்சம் வாயில் போட்டார். மென்றார். பிறகு அடுத்த கவுண்டருக்கு நகர்ந்தார். அதற்கடுத்த கவுண்டருக்கு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய். தெலுங்கு வீட்டு மாங்காய்ச் சாதத்தில் கடுகுக் காரம் ஏறி இருமினார். "எஷ்டு கார!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி வாங்கினார். சமைத்த பெண்ணோடு தெலுங்கிலேயே ஏதோ பேசினார். கோசம்பரியைப் பார்த்ததும் மட்டும், "ஓ, இது நம்மது" என்று தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் ஜனமும் அப்படியே ஆனது. கடை கடையாகத் திருவிழாவில் சுற்றுகிற மாதிரி கவுண்டர் கவுண்டராகச் சுற்றினார்கள். எது நன்றாக இருக்கிறது என்று கன்னடத்திலும் தமிழிலும் வாக்குவாதம் நடந்தது. இரண்டு கிழவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு ரசம் பாய்லர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எட்டேகாலுக்குப் பாதிப் பாத்திரம் காலி. எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி ஜெயம்மா கையில் இருந்தது. அவர் வாயிலிருந்து நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ இன்னும் ஒரு சொல் வரவில்லை.

6. பாட் வாஷ்

ஒன்பதரை மணிக்கு ஜெயம்மா என்னிடம் வந்தார். "பொண்ணோட அம்மா எங்க?"

முன்வரிசையில் பார்த்தேன். மாதம்மாவின் நாற்காலி காலி. ஹாலில் இல்லை, வாசலில் இல்லை. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மேஜைகளில் ஒரு காலிப் பாத்திரமும் இல்லை.

"இங்கதாம்மா இருப்பாங்க, நீங்க ஒக்காருங்க, நான் கூட்டியாறேன்" என்றேன். ஜெயம்மா உட்காரவில்லை. என் பின்னாலேயே வந்தார். எத்தனை மெதுவாக நடந்தாலும் அந்த வராந்தா முப்பது அடிதான்.

பாட் வாஷ் கதவைத் தள்ளினேன். மாதம்மா பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, தலையில் பூவோடு, முழங்கை வரை நுரையோடு கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சம்பந்தம் இதோடு முடிந்தது என்றே நான் நினைத்தேன். மாதம்மாவை அந்த நிமிடம் அடிக்கலாம் போலவும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

ஜெயம்மா அவளைப் பார்க்கவில்லை, பக்கத்து மேடையைப் பார்த்தார். இருபத்திரண்டு பாத்திரங்கள் துடைத்துக் கவிழ்த்து, அதனதன் மூடியோடு, அதனதன் பெயர்ச் சீட்டோடு வரிசையாக இருந்தன.

"இதெல்லாம் யாரு யாருதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? மூடி மாறிடாதா?" என்று கேட்டார்.

மாதம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "பத்தொம்பது வருசமா இதாங்க வேல. ஒருத்தரு பாத்திரத்த இன்னொருத்தருக்குக் குடுத்ததில்லீங்க. எனக்காக ஆக்கிட்டு வந்தாங்க. அழுக்குப் போசியோட வீட்டுக்கு அனுப்ப மனசு வரலீங்க."

ஜெயம்மா ஒரு பெயர்ச் சீட்டை எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப வைத்தார். பிறகு, "கழுவிட்டீங்க, சரி. காலியாவா குடுப்பீங்க?" என்றார்.

மாதம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் உடனே விளங்கவில்லை. சோறு கொடுத்து அனுப்பிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது எங்கள் பக்கமும் உள்ள பழக்கந்தான். அந்த அமளியில் எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

ஜெயம்மா கதவுப் பக்கம் திரும்பி வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கிரீஷா! பஸ்ஸில இருக்கிற தாம்பூலம் மூட்டைய எடுத்துட்டு வாப்பா!" நிச்சயம் முடிந்து போகும்போது பெண் வீட்டுப் பெண்களுக்குக் கொடுக்க அவர்கள் கொண்டுவந்த தேங்காயும் வெற்றிலையும் அது. மாப்பிள்ளையே மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு பாட் வாஷுக்குள் வந்தான்.

ஜெயம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். முதல் பாத்திரத்தை நிமிர்த்தி, ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு வைத்து மூடினார். இரண்டாவது பாத்திரம். மூன்றாவது. நாங்கள் உதவப் போனபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். "நம்ம வீட்டு விசேஷத்துக்குச் சோறு கொண்டாந்தவங்க. நானே வெக்கறேன்" என்றார்.

பிறகு மாதம்மாவைப் பார்த்து, "பீகரே, கையத் தொடச்சுக்கிட்டு வாங்க. ரெண்டு பேரும் சேந்து குடுக்கலாம்" என்றார்.

பீகரு என்றால் கன்னடத்தில் சம்பந்தி. மாதம்மாவுக்கு அந்த வார்த்தை நன்றாகத் தெரியும். கை ஈரத்தைப் பட்டுப்புடவையிலேயே துடைத்துக்கொண்டாள். அவ்வளவு நாளாக அழாதவள் அப்போதுதான் அழுதாள். நான் அங்கே கவிழ்ந்து கிடந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

7. கற்றது

அந்த வருடக் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். அதற்குள் கேஸ் வந்துவிட்டது, ஹால் பழையபடி நிரம்பியது, லைவ் தோசைக் கவுண்டரும் திரும்பி வந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மெனு ஷீட் எழுதுங்கள். வேலை தெரியாதவர்களுக்கு எழுதுவதைவிட, தெரிந்தவர்களுக்குக் கட்டாயம் எழுதுங்கள். தெரிந்தவர்கள் இருபத்து மூன்று பேர் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தப்பு செய்துவிட்டால் கஸ்டமரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், கதை கட்டாதீர்கள்.

சௌமியா கல்யாணத்துக்கு மெனு ஷீட் எழுதும் வேலையை ஜெயம்மா எனக்கே கொடுத்தார். ஆனேக்கலுக்குப் போய் அவர் வீட்டில் உட்கார்ந்து இருபத்தொரு ஐட்டம் எழுதிக் கொடுத்தேன். மாதம்மாவும் பக்கத்தில் இருந்தாள். ஜெயம்மா கண்ணாடி போட்டு மேலிருந்து கீழே வரை விரல் வைத்துப் படித்தார். ஒரே ஒரு ஐட்டத்தின் மேல் பேனாவால் கோடு இழுத்தார்.

"சித்ரான்னம் மட்டும் வேண்டாம் சரளம்மா. இன்னும் ஒரு வருசம் போகட்டும்" என்றார். மாதம்மா சிரித்த சிரிப்பில் காபி அவள் புடவையெல்லாம் சிந்தியது.